சாயங்காலக் காய்ச்சல்

போய்விட்டார்கள். போய்விட்டார்கள் என்று சொல்லக் கூடாது, சோதனைக்கு வந்தவர்கள் வார்டை விட்டு இறங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். லாரி இன்னும் முற்றத்தில் நிற்கிறது. கை கழுவும் அறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது, டிரைவர் லாரியின் பின்பக்கக் கொதிகலனைத் திறந்து விறகுத் துண்டுகளைப் போட்டு ஊதிக்கொண்டிருக்கிறான். பெட்ரோலெல்லாம் ஜெர்மன்காரர்களுக்கு, நம்முடைய பாசிஸ்டுகளுக்கு விறகுப் புகைதான். அது பற்றி, புகைந்து, வாயு ஏறி, எஞ்சின் இருமி எழுந்திருக்க இருபது நிமிஷம் ஆகும், ஈர விறகென்றால் அரை மணி. நவம்பர் மாதம், நாலு நாளாக மழை, விறகு ஈரமாகத்தான் இருக்கும். இரு எர்சீலியா, மூச்சை இப்போதே விடாதே, லாரி வாசலைத் தாண்டட்டும், பாலத்தைத் தாண்டட்டும், அப்புறம் விடு. அதுவரை கையைக் கழுவு. டைபாய்டு வார்டிலிருந்து வருகிற டாக்டர் எவ்வளவு நேரம் கை கழுவினாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சோப்பு என்று பெயர் வைத்து ஒன்று கொடுக்கிறார்கள், களிமண் கட்டி, நுரையும் கிடையாது வாசனையும் கிடையாது, தேய்த்தால் கை இன்னும் அழுக்கானதுபோல இருக்கிறது. தேய்ப்பதற்குப் பத்து விரலும் பத்து நகமும் மிச்சமிருக்கின்றன, பக்கத்து ஊர் மருந்துக் கடைக்காரருக்கு அதுகூட மிச்சமில்லை என்று சொன்னார்கள். அவரைப் பற்றி இப்போது நினைக்காதே. முழங்கை வரை தேய், தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது, நல்லது, உணர்ச்சி வரட்டும்.

அந்தக் கேப்டன் படுக்கையில் கிடந்தவன் வயிற்றை அழுத்தினாரே, அப்போதுதான் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பதினெட்டாம் படுக்கை. அட்டையில் பெயர் தெயோதோரோ பெரின், வயது முப்பத்தாறு, தோல் பதனிடும் தொழிலாளி, டைபாய்டு, மூன்றாம் வாரம். அதில் வயது மட்டும் உண்மை. மலையில் ஒளிந்திருந்து பாசிஸ்டுகளோடு சண்டை போடுகிறவர்கள் அவனைச் சில்வண்டு என்று கூப்பிடுகிறார்கள், நிஜப் பெயரை நான் கேட்கவில்லை, தெரியாததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. தொடையில் குண்டு வாங்கி, ஒயின் பீப்பாய் வண்டியில் இரண்டு பீப்பாய்க்கு நடுவில் மடங்கிக் கிடந்து வந்து சேர்ந்தான், அவனுக்குத் தெரிந்த பெயர்கள் ஐம்பதாவது இருக்கும், இந்தப் பள்ளத்தாக்கில் மலைக்காரர்களுக்குச் சோறு போடுகிற ஒவ்வொரு வீடும் அவனுக்குத் தெரியும். எங்கே ஒளித்துவைப்பது? தொற்றுநோய் வார்டில்தான். டைபாய்டு என்று கதவில் எழுதியிருந்தால் எந்தச் சிப்பாயும் உள்ளே கால் வைக்க மாட்டான். மூன்று வாரமாக வைக்கவில்லை. வந்தவர்கள் வாசலோடு நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்கைகளை எண்ணிவிட்டுப் போனார்கள். இன்றைக்கு வந்தது டாக்டர். கேப்டன் ரான்சானி, பாசிஸ்டுகளின் குடியரசுப் படையில் மருத்துவ அதிகாரி. குடியரசாம். ஜெர்மன்காரன் கைவிட்டால் சாயங்காலத்துக்குள் சரிந்து விழுகிற குடியரசு. வெட்டி ஒழுங்குபடுத்தின தாடி, எலுமிச்சை வாசனை, கையுறையைக் கழற்றி நேராகப் படுக்கையருகில் போய், நாக்கை நீட்டு என்றார். நீட்டினான். காலையில்தான் சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தடவியிருந்தேன், வெள்ளையாகப் படிந்து அழகாக இருந்தது. சட்டையைத் தூக்கி மண்ணீரலைத் தேடி அழுத்தினார், அவர் விரல் நின்ற இடத்துக்கும் தொடைக் கட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் நான், அவன், சிஸ்டர் எல்லோரும் காலி. சில்வண்டு முனகினான், நடிப்பென்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, என் முழங்கால் அவன் காலில் முட்டிக்கொண்டிருந்தது, நிஜ வலியில்தான் முனகியிருக்கிறான் பாவம். கேப்டன் கையை எடுத்தார். அட்டையை எடுத்துப் பார்த்தார். ம் என்றார். மாட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அவ்வளவுதான், முடிந்தது.

அட்டையைப் பார்த்தால் பார்க்கட்டுமே. அதில் ஒரு குறை கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். அந்த மாதிரி ஒரு டைபாய்டு வளைகோடு நிஜமான டைபாய்டுகாரனுக்குக்கூட வராது. முதல் வாரம் படிப்படியாக ஏறி, இரண்டாம் வாரம் காலையில் முப்பத்தொன்பது சாயங்காலம் நாற்பது என்று நின்று, மூன்றாம் வாரம் லேசாக ஆட ஆரம்பித்து, நாடியை மட்டும் காய்ச்சலுக்குத் தகுந்த அளவு ஓடவிடாமல் எழுபத்தெட்டில் பிடித்துவைத்திருக்கிறேன், டைபாய்டில் நாடி அப்படித்தான் மந்தமாக ஓடும், அதுதான் நுணுக்கம், அதைக் கவனிக்கிறவன்தான் நல்ல டாக்டர். தூரினில் படிக்கும்போது வகுப்பில் எண்பத்திரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. முதல் நாளே பேராசிரியர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், பெண்களுக்கு அன்பு அதிகம், ஒழுங்கு குறைவு, காய்ச்சலை அளப்பதற்கு முன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து எழுதிவிடுவார்கள் என்று. எண்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு எடுத்த வீம்பு. பதினாறு வருஷமாக அளக்காமல் ஒரு எண் எழுதியதில்லை, கால் டிகிரி கூட்டியதில்லை குறைத்ததில்லை, தம்பி கல்யாணத்தன்றுகூட மூன்று மணிக்குப் பந்தியிலிருந்து எழுந்து வந்து நிமோனியாக்காரிக்குக் காய்ச்சல் பார்த்தேன், அம்மா இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக உட்கார்ந்து பொய்யாகப் புள்ளி வைக்கிறேன், அதையும் ஒழுங்காகத்தான் வைக்கிறேன். வார்டைப் பார்க்கிற கன்னியாஸ்திரி, சிஸ்டர் பசீஃபிகா, இதை எழுத மாட்டார். மற்ற மூன்று நோயாளிகளுக்கும் அவர்தான் அளந்து எழுதுகிறார், பதினெட்டுக்கு மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார், அந்தப் படுக்கையை நீங்களே பாத்துக்குங்க டாக்டர், எனக்குக் கண்ணு சரியில்ல என்று. கண்ணுக்கு ஒன்றுமில்லை, ஊசியில் நூல் கோக்க இரண்டாம் தடவை பார்க்க மாட்டார். சிஸ்டருக்குப் பொய் வராது. போன வருஷம் மாவு பறிமுதல் செய்ய வந்தவர்கள் மாவு ஒளித்துவைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, ஆமாம், கோயில் பீரோவில் இரண்டு மூட்டை என்று சொல்லிச் சாவியையும் எடுத்துக் கொடுத்தவர். அதனால்தான் நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை, அவரும் எதையும் கேட்கவில்லை, மூன்று வாரமாக நாங்கள் இரண்டு பேரும் பதினெட்டாம் படுக்கையைச் சுற்றி நடக்கிறோம்.

டிரைவர் இன்னும் ஊதுகிறான். புகை வருகிறது, வெள்ளைப் புகை, ஈரம்தான். கேப்டன் லாரிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடிக்கிறார். பிடிக்கட்டும், எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கட்டும், ஆனால் கிளம்பட்டும். இன்றைக்கு மத்தியானம் நானும் கிளம்ப வேண்டும், சைக்கிள் சீட்டுக்கு அடியில் சல்ஃபா மாத்திரையை வைத்துத் தைத்தாயிற்று, மலையில் இரண்டு பேருக்குக் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, போனால் திரும்ப நாளைக் காலைதான், அதற்காகத்தான் காலையிலேயே எல்லா வேலையும் முடித்துவைத்தேன், மருந்துச் சீட்டு, சாவி, அட்டை. அட்டை. ஒரு நிமிஷம். அட்டையில் என்ன முடித்துவைத்தேன்? சாயங்காலம் நான் இருக்க மாட்டேன், சிஸ்டர் எழுத மாட்டார், அப்படியானால் சாயங்காலக் கட்டம் காலியாகக் கிடக்கும், ஒருநாள் காலியாகக் கிடந்தால் சந்தேகம் வரும் என்று நானே, காலை ஏழு மணிக்கு, ஏழு மணிப் புள்ளியை வைத்த கையோடு அஞ்சு மணிப் புள்ளியையும் வைத்தேன். நாற்பது புள்ளி ஒன்று. கோடு போட்டு இணைத்தேன். கேப்டன் அதைக் கையில் எடுத்தபோது மணி பத்தேகால். அட்டையைப் பார்த்தார், நிமிர்ந்தார், சுவரைப் பார்த்தார். சுவரில் என்ன இருக்கிறது? சிலுவை இருக்கிறது, அதற்குக் கீழே கடிகாரம் இருக்கிறது. சிலுவையைப் பார்க்கிறார் என்றுதானே நினைத்தேன், பக்திமான் போல என்று மனசுக்குள் கிண்டல்கூடச் செய்தேன். அடிப் பாவி எர்சீலியா. கடிகாரத்தைத்தான் பார்த்திருக்கிறார். இன்னும் வராத சாயங்காலத்துக் காய்ச்சல். நிஜமாகவே காய்ச்சலடிக்கிற ஒருவனுக்கு இந்தத் தப்பை யாராவது செய்வார்களா? காய்ச்சலே இல்லாதவனுக்குத்தான் இது வரும், நாளைக்கும் சேர்த்து எழுதலாம், ஒரு மாசத்துக்கும் சேர்த்து எழுதலாம்.

ஓடிப்போய் அட்டையைக் கிழித்தால்? கிழித்தால் எங்கே அட்டை என்பார். வேறு அட்டை எழுதினால்? நாற்பத்திரண்டு புள்ளி, இரண்டு நிறப் பேனா, அரை மணி ஆகும். அவர் ம் என்றாரே, அது என்ன ம்? கண்டுபிடித்தவன் ம் என்று விட்டுப்போவானா, அங்கேயே துப்பாக்கியை எடுத்திருக்க மாட்டானா? மாட்டான், டைபாய்டு வார்டில் சண்டை போட எவனுக்கும் விருப்பமில்லை, கீழே இறங்கி ஆள் சேர்த்துக்கொண்டு வருவான். இல்லை, லாரி கிளம்பப்போகிறது, கிளம்புகிறவன் எதற்குத் திரும்பி வரப்போகிறான்? லாரி கிளம்பவில்லையே. அதுதானே விஷயம், நல்ல விறகாக இருந்திருந்தால் இந்நேரம் பாலம் தாண்டியிருப்பார்கள், இந்த மழையை யார் பெய்யச் சொன்னது? சில்வண்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போகலாம் என்றால் அவனால் பத்தடி நடக்க முடியாது, எண்பது கிலோ, பால் மட்டும் குடிக்க வேண்டியவன் யாருக்கும் தெரியாமல் சோளக் களியாகத் தின்று இன்னும் கனத்துப்போயிருக்கிறான். என் புத்திசாலித்தனத்தில் இடி விழ. அழகான வளைகோடு, நாடி எழுபத்தெட்டு, பெருமை வேறு. ஒரு மனுஷனை நிஜ நோயாளிகள் நடுவில் மூன்று வாரம் படுக்கவைத்து, அவன் தட்டையும் தம்ளரையும் நானே வென்னீரில் போட்டு எடுத்து, தினமும் காலையில் அவனுக்கு நிஜக் காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயந்து பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஆமாம், பேராசிரியர் சொன்ன மாதிரி நெற்றியைத்தான், இவ்வளவும் செய்து கடைசியில் ஒரு புள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். குழாயை மூடு. சத்தம். படியில் பூட்ஸ் சத்தம். ஒருத்தர்தான். ஒருத்தர்தானா? எண்ணு. ஒருத்தர்தான்.

கேப்டன் கதவைத் தட்டவில்லை, திறந்தே வைத்திருந்தேன். பின்னாலேயே சிஸ்டர் பசீஃபிகா ஒரு பேசினைத் தூக்கிக்கொண்டு வந்து, அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கேப்டன் கையில் அந்த அட்டை. வார்டுக்குள் போய் எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். "லாரி கெளம்பற வழியக் காணோம்," என்றார், "சரி, இதையாவது முடிச்சிட்டுப் போலாம்னு வந்தேன். சின்யோரினா, இப்ப மணி என்ன?" வந்ததிலிருந்து ஒரு தடவைகூட டாக்டர் என்று சொல்லவில்லை, சின்யோரினாதான், கல்யாணமாகாத பெண்ணை மளிகைக் கடையில் கூப்பிடுகிற மாதிரி. பத்தே முக்கால் இருக்கும் என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து கேட்டது. "பத்தே முக்கால். இவனுக்கு அஞ்சு மணிக்கு நாப்பது புள்ளி ஒண்ணு. எப்படி?" அட்டையைத் திருப்பிக் காட்டி விரலால் தட்டினார். "மத்த மூணு அட்டையும் பாத்தேன். அதுல இல்ல. அதெல்லாம் சிஸ்டர் எழுதறாங்க, சுத்தமா இருக்கு. இது ஒண்ணு மட்டும் உங்க கையெழுத்து." ஆமாம் என்றேன். இனி என்ன, சொல்லித் தொலை, ஆள் கூப்பிடு. அவர் தாடியைத் தடவிக்கொண்டார். முகத்தில் ஒரு சந்தோஷம், ஏதோ கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "சாயங்காலம் எங்கயோ போறீங்க. அதான? நாலு மணிக்கே கெளம்பணும், எவன் நின்னு தெர்மாமீட்டர் வெக்கிறது, எப்படியும் நாப்பதுதான் இருக்கும், எழுதிட்டுப் போவோம். எனக்குத் தெரியாதா இதெல்லாம்? நானும் ஹவுஸ் சர்ஜனா இருந்தவன்தான்." அவர் பேசிக்கொண்டே போனார், எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. சோம்பேறி என்கிறார். என்னைச் சோம்பேறி என்கிறார். இந்த மனுஷர் பொய்க் காய்ச்சலைப் பார்க்கவே இல்லை, காய்ச்சலை நம்பிவிட்டார், அளக்காத டாக்டரைத்தான் பிடித்திருக்கிறார். "பொம்பளைங்கள டாக்டருக்குப் படிக்க வெச்சா இதான் கதி," என்றார், "சிஸ்டர் முன்னால சொல்லுங்க. காய்ச்சல் பாக்காமலே எழுதினேன்னு சொல்லுங்க." ஐயோ, சொல்கிறேன், நூறு தடவை சொல்கிறேன், ஊரைக் கூட்டிச் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். எண்பத்திரண்டு பேரையும் அந்தப் பேராசிரியரையும் கூட்டிவைத்தாலும் சொல்கிறேன். தலையைக் குனிந்துகொண்டேன், முகத்தைப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். "பாக்காமலே எழுதினேன், கேப்டன். சோம்பல்தான். மன்னிச்சிருங்க." பதினாறு வருஷ வீம்பு, அவ்வளவு லேசாகப் போனது, ஈரத் துணியைக் கழற்றிப் போட்ட மாதிரி உடம்பே லேசாகிவிட்டது. அழுகை வந்தது, அதையும் அடக்கவில்லை. அவர் அதைப் பார்த்துக் கொஞ்சம் இளகினார்கூட. "அழாதீங்க. இனிமே இந்த வார்டுல ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் சிஸ்டர் கையெழுத்துப் போடணும். போன புதன் வந்தவங்க சொன்னாங்க, இந்த சிஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவங்கன்னு. அடுத்த புதன் நானே வந்து பாப்பேன்." அட்டையை என் ஈரக் கையில் கொடுத்தார். கீழே எஞ்சின் இரண்டு தடவை இருமி, பிடித்துக்கொண்டது. அவர் அவசரமாகப் படி இறங்கினார்.

ஜன்னலுக்கு வந்தேன். லாரி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது, வாசலில் ஒரு நிமிஷம் நின்றது, என் உயிரும் நின்றது, பிறகு வெளியே திரும்பியது. பாலத்தின் மேல் சக்கரம் ஏறும்போது பலகைகள் கடகடக்கும், அந்தச் சத்தம் வந்தது, முடிந்தது. மூச்சை விட்டேன். விடு எர்சீலியா, இப்போது விடு. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அழுதுகொண்டே சிரித்தேன், மூக்கு ஒழுகியது, துடைக்க நான் நீட்டின கைதான் அரை மணியாகக் கழுவின கை என்று நினைத்து இன்னும் சிரித்தேன். என்ன சுகம், சோம்பேறி என்ற பேரில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. உள்ளே சில்வண்டு உயிரோடு இருக்கிறான், ஐம்பது வீட்டிலும் இன்றைக்கு அடுப்பு எரியும், எனக்குப் பசிக்கிறது, நேற்று மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. பிறகு திரும்பினேன். சிஸ்டர் பசீஃபிகா அதே இடத்தில் பேசினோடு நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சிஸ்டர் கையெழுத்து. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும். மாவு மூட்டைக்குச் சாவி எடுத்துக் கொடுத்த கை. இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்ய முடியும்? போட்டே ஆக வேண்டும் என்று எப்படிக் கேட்பேன், முப்பது வருஷமாக ஒரு பொய் சொல்லாத மனுஷியிடம், அதுவும் இந்த மனுஷிக்கு அது நரகம் போகிற காரியம். சில்வண்டின் உயிர் இப்போது அந்தப் பேசினைப் பிடித்திருக்கிற விரலில் இருக்கிறது, நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. "சிஸ்டர்," என்றேன்.

சிஸ்டர் பேசினைக் கீழே வைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார், நிதானமாக, ஒவ்வொரு விரலாக. என் கையிலிருந்த அட்டையை வாங்கி, கண்ணுக்கு ஒன்றுமில்லாதவர் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார், பையிலிருந்து பேனாவை எடுத்தார். காலை ஏழு மணிப் புள்ளிக்குப் பக்கத்தில் பசீஃபிகா என்று முழுப் பெயரையும் எழுதினார். அஞ்சு மணிப் புள்ளியை பிளேடால் சுரண்டி எடுத்தார், ஊதினார், விரலால் தடவிப் பார்த்தார். "அந்த ஆளு உங்கள அப்படிச் சொன்னாரு, நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க," என்றார், "உங்கள எனக்கு ஒம்பது வருஷமாத் தெரியும் டாக்டர்." அவர் முகம் சிவந்திருந்தது, கோபமா வெட்கமா தெரியவில்லை. "நீங்க மத்தியானம் கெளம்புங்க. இங்க நான் பாத்துக்கறேன். சாயங்காலத்துக்கு எவ்வளவு போடணும்?"

"சாயங்காலம் ஆகட்டும், சிஸ்டர்," என்றேன். "நான் இன்னிக்குப் போகல, மாத்திரைய விடியக்காலைல கொண்டுபோறேன். அஞ்சு மணிக்கு வந்து கேளுங்க, சொல்றேன்."